பென்சிலைத் தூக்காமல் எழுதிய ஆங்கிலம்

பிட்மன் சுருக்கெழுத்தில் ‘ஐ பெக் டு’ என்னும் மூன்று சொற்களை எழுதப் பென்சிலை இடையில் தூக்க வேண்டியதில்லை. மூன்றும் சேர்ந்து ஒரே கோட்டுரு. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ‘இன்ஃபார்ம் யூ’ என்பதையும் சேர்த்துவிடலாம். முதலாளி மூச்சு வாங்குவதற்குள் அது நோட்டில் விழுந்திருக்கும். இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில், பம்பாய் கோட்டைப் பகுதியின் கம்பெனிகளிலும் பல்லார்டு எஸ்டேட்டின் கப்பல் அலுவலகங்களிலும் ரயில்வே தலைமையகத்திலும் இந்தக் கோடுகளைப் போட்டவர்களில் கணிசமானோர் தமிழர்கள். மாலையில் அவர்கள் மாட்டுங்காவுக்குத் திரும்பினார்கள். பிந்தைய தலைமுறை செம்பூருக்கு.

அவர்கள் எழுதிய சொற்றொடர்களை இன்று எடுத்துச் சொன்னால் சிரிப்பவர்கள் உண்டு. ‘கைண்ட்லி டூ த நீட்ஃபுல்’, ‘ப்ளீஸ் ஃபைண்ட் என்க்ளோஸ்ட்’, ‘திஸ் இஸ் ஃபார் யுவர் கைண்ட் இன்ஃபர்மேஷன்’. குமாஸ்தா ஆங்கிலம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அந்தக் குமாஸ்தாவுக்கு இழைக்கப்படும் அநியாயம் இது. அவர் எழுதியது அவர் காலத்தின் சரியான ஆங்கிலம். தேர்வு எழுதி, தேறி, சான்றிதழ் வாங்கி, அதைக் கொண்டு ஊர் விட்டு ஊர் வந்து குடும்பம் நடத்திய ஆங்கிலம். அவருக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் பிற்பாடு தங்கள் வழக்கத்தை மாற்றிக்கொண்டார்கள்.

‘ஐ பெக் டு’ என்பதையே எடுத்துக்கொள்ளலாம். ‘பெக்’ என்றதும் பிச்சை நினைவுக்கு வருகிறது. அடிமைப் புத்தி என்று ஆங்கிலம் தெரிந்த பேரப்பிள்ளைகள் முகம் சுளிக்கிறார்கள். ஆனால் அது ‘பெக் லீவ் டு’ என்ற முழுத் தொடரின் சுருக்கம். ‘சொல்ல அனுமதி வேண்டுகிறேன்’ என்றுதான் பொருள். லண்டன் வணிகர்கள் ஒருவருக்கொருவர் எழுதிய கடிதங்களிலும் அது சாதாரணமாக வரும். அதில் தாழ்ந்தவர், உயர்ந்தவர் கிடையாது. அதைக் கையாள்வதற்கு ஓர் ஒழுங்கும் இருந்தது. எழுதுபவரே செய்யப்போகும் காரியம்தான் அதை அடுத்து வரவேண்டும்: தெரிவிக்க, விண்ணப்பிக்க, சமர்ப்பிக்க, பெற்றுக்கொண்டதை ஒப்புக்கொள்ள. எதிராளி செய்யவேண்டியதை அதன் பின்னால் மாட்டினால் வாக்கியம் நொண்டும். அனுபவமுள்ள ஹெட் கிளார்க்குக்கு அந்த நொண்டல் ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

இந்தத் தொடரோடு தொடங்கும் தமிழர் கடிதங்களில் உலகப் புகழ் பெற்றவை இரண்டு. 1912 பிப்ரவரி 9ஆம் தேதி, திருவல்லிக்கேணியிலிருந்து ஓர் இளைஞர் சென்னைத் துறைமுகக் கழகத்தில் காலியாக இருந்த குமாஸ்தா வேலைக்கு விண்ணப்பித்தார். மார்ச் 1ஆம் தேதி மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் சேர்ந்தார். மறு ஆண்டு ஜனவரி 16ஆம் தேதி, அதே மேசையிலிருந்து கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஜி.எச். ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அவர் சீனிவாச ராமானுஜன். வேலை கேட்ட கடிதத்திலும் ‘ஐ பெக் டு’. கணிதத்தையே புரட்டிப்போட்ட கடிதத்தின் முதல் வரியிலும் ‘ஐ பெக் டு’. இரண்டாவது கடிதத்தின் ஆங்கிலத்தில் அவருடைய அலுவலக மேலாளர் நாராயண ஐயர் போன்றோரின் கையும் இருந்திருக்கும் என்று வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். இருந்திருந்தால் வியப்பில்லை. சூத்திரங்கள் ராமானுஜனுடையவை, அவற்றை அறிமுகமில்லாத ஓர் ஆங்கிலேயரின் மேசைவரை கொண்டுசேர்த்தது சென்னை அலுவலகங்களின் கடித மரபு.

அந்த மரபு பெரிய கல்லூரிகளில் மட்டும் வளரவில்லை. கும்பகோணம், திருநெல்வேலி, பாலக்காடு என்று ஊருக்கு ஊர் மாடியறையிலோ திண்ணையிலோ இருந்த டைப் இன்ஸ்டிட்யூட்டுகள்தாம் அதன் நாற்றங்கால். அரை டஜன் ரெமிங்டன், அண்டர்வுட் இயந்திரங்கள், மணிக்கணக்கு, சுவரில் விசைப்பலகைப் படம். எஸ்.எஸ்.எல்.சி. முடித்த பையனைக் கல்லூரிக்கு அனுப்ப வசதியில்லாத குடும்பம், “டைப் லோயர், ஹையர் முடிச்சுடு, ஷார்ட்ஹேண்டும் சேர்த்துக்கோ” என்று இங்கே அனுப்பியது. அரசுத் தொழில்நுட்பத் தேர்வு இந்தப் படிப்புக்கு ஒரு முத்திரை கொடுத்தது. ஆங்கிலத் தட்டச்சில் நிமிடத்துக்கு 30 சொல் கீழ்நிலை, 45 சொல் மேல்நிலை. ஐந்து தட்டு ஒரு சொல் என்று கணக்கு. சுருக்கெழுத்தில் 80, 100, 120 என்று படி ஏறி, அதற்கு மேல் ஹை ஸ்பீடு.

இந்தத் தேர்வில் வேகம் பாதிதான். தட்டச்சின் இரண்டாம் தாளில் ஒரு கடிதமும் ஓர் அட்டவணையும் கையெழுத்துப் பிரதியும் வரும். தேதி எந்த மூலையில், பெறுநர் முகவரி எத்தனை இடம் தள்ளி, பொருள் வரி எங்கே, அடிக்கோடு எதற்கு, ‘டியர் சர்’ என்ற விளிக்குப் பிறகு எத்தனை வரி இடைவெளி, ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி’ பக்கத்தின் நடுவிலிருந்து எவ்வளவு வலப்புறம் என்பதெல்லாம் விரலில் ஏறும்வரை பயிற்சி. பதினேழு வயதுப் பையன் ஒரு கம்பெனியைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே, கம்பெனிக் கடிதம் எப்படி நிற்கவேண்டும் என்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது.

சுருக்கெழுத்து இன்னும் கடினம். ஐசக் பிட்மன் 1837இல் வெளியிட்ட முறை ஒலியை எழுதும் முறை. எழுத்துக்கூட்டலை அது கண்டுகொள்வதில்லை. மெல்லிய கோடு ஒன்றானால், அதே கோட்டை அழுத்தித் தடிப்பாகப் போட்டால் வேறொன்று. மாத்திரைக்கான ‘பில்’ மெல்லிய கோடு, ரசீதுக்கான ‘பில்’ தடித்த கோடு. நகரத்துக்கான ‘டவுன்’ மெலிவு, கீழே என்ற ‘டவுன்’ தடிப்பு. தமிழில் இவற்றுக்கு ஒரே ப, ஒரே ட. ஆகவே தமிழ்ப் பையன் பென்சிலை அழுத்தப் பழகுமுன் காதைப் பழக்கவேண்டியிருந்தது. உயிரொலிகளை வேகத்தில் விட்டுவிடுவார்கள். கோட்டுரு வரிக்கு மேலே நிற்கிறதா, வரியில் நிற்கிறதா, வரியை வெட்டுகிறதா என்பதைக் கொண்டு ஊகிக்கவேண்டும். எழுதுவதைவிட எழுதியதைத் திரும்பப் படிப்பதுதான் வித்தை.

இங்கேதான் சொற்றொடர்கள் வருகின்றன. அடிக்கடி சேர்ந்து வரும் சொற்களைக் கை எடுக்காமல் ஒன்றாக எழுதுவது பிட்மன் முறையின் தனிப் பாடம். ‘வித் ரெஃபரன்ஸ் டு யுவர் லெட்டர்’, ‘வி ஆர் இன் ரிசீட் ஆஃப்’, ‘அட் யுவர் எர்லியஸ்ட் கன்வீனியன்ஸ்’ போன்ற வணிகத் தொடர்களுக்குப் பட்டியல் பட்டியலாகக் கோட்டுருக்கள் இருந்தன. ஒரு பெயரின் கோட்டை ‘க்’ ஒலிக்கான கோட்டால் குறுக்கே வெட்டினால் அது ‘கம்பெனி’. அன்றாடப் பேச்சு நிமிடத்துக்கு 120 சொல்லைச் சாதாரணமாகத் தாண்டும். இந்த ஒட்டுத் தொடர்கள் இல்லாமல் எந்த ஸ்டெனோவும் அதை எட்டிப் பிடிக்க முடியாது. இந்திய அலுவலகக் கடிதங்களில் அச்சுத் தொடர்கள் இவ்வளவு காலம் நிலைத்ததற்குப் பணிவையும் பழைமைப் பற்றையும் காரணம் சொல்வார்கள். கையின் சிக்கனம் அவற்றைவிட வலுவான காரணம் என்றே தோன்றுகிறது. ‘உங்கள் கடிதம் வந்தது’ என்று புதிதாகச் சொல்ல நான்கு கோட்டுரு தேவைப்பட்டால், பழைய நீண்ட தொடருக்கு ஒன்று போதும். நீளமானதுதான் அங்கே குறுக்குவழி.

இப்படிப் பழகிய கைகள் பம்பாய் நோக்கிப் புறப்பட வழி 1871இலேயே திறந்துவிட்டது. அந்த ஆண்டு சென்னைப் பாதையும் கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வேயின் பாதையும் ராய்ச்சூரில் சேர்ந்தன. புறப்பட்டவர்களுக்குப் பல காரணங்கள். நீதிக்கட்சி அரசு 1921இல் பிறப்பித்து, 1927 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்த வகுப்புவாரி ஆணை, அரசு வேலைகளை எல்லாச் சமூகத்தாருக்கும் பங்கிட்டது. அதுவரை அந்த நாற்காலிகளில் அளவுக்கு மேல் இடம் பிடித்திருந்த பிராமணக் குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளைப் பம்பாய், கல்கத்தா, டெல்லி என்று அனுப்பத் தொடங்கின. அதோடு, பம்பாயில் தேவையும் இருந்தது. பருத்தி, கப்பல், காப்பீடு, இயந்திர இறக்குமதி என்று வணிகம் பெருகிய நகரத்தில் கடிதம்தான் கம்பெனியின் வாய்.

அந்த வேலைக்கு உள்ளூரில் ஆளில்லாமல் இல்லை. பார்சிகள், கோவாக்காரர்கள், ஆங்கிலோ இந்தியப் பெண்கள் முன்பே அங்கே இருந்தார்கள். 1900இல் தொடங்கிய தாவர் வணிகக் கல்லூரி பம்பாயிலேயே ஆட்களைப் பயிற்றுவித்துக்கொண்டிருந்தது. 1913இல் சிடன்ஹாம் கல்லூரியும் வந்தது. அவர்களிடையே தமிழர் தேறியதற்குக் காரணம், தேர்வுச் சான்றிதழோடு கூட்டமாக வந்ததும், ஒருவர் கால் ஊன்றியதும் அடுத்தவரைத் தந்தி கொடுத்து வரவழைத்ததும்தான்.

தங்குமிடம் மாட்டுங்கா. 1896இன் பிளேக் நகரத்தை உலுக்கிய பிறகு, 1898இல் அமைந்த நகர மேம்பாட்டு டிரஸ்ட், தாதர், மாட்டுங்கா பகுதிகளில் சதுப்பையும் வயலையும் சமன்செய்து அகலத் தெருக்களும் மனைகளும் வகுத்தது. அங்கே எழுந்த மூன்று நான்கு மாடிக் கட்டிடங்களில் ஒவ்வொரு குடித்தனத்துக்கும் சமையலறையும் கழிப்பறையும் உள்ளேயே இருந்தன. வரலாற்றாசிரியர் நிகில் ராவ் 2013இல் வெளியிட்ட நூலில், இந்தப் புதுவகை வீட்டை ஏற்றுக்கொண்டு மாட்டுங்காவைத் தென்னிந்தியரின் ஊராக்கிய குமாஸ்தாக் குடும்பங்களின் கதையை விரிவாகச் சொல்லியிருக்கிறார். 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தொடங்கியது. 1942இல் ஸ்டேஷன் பக்கத்தில் ராம நாயக்கின் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங் வந்தது. கல்யாணமாகாத பையன்கள் வாழையிலையில் சாப்பிட்டுவிட்டு ரயிலேறினார்கள். 1952இல் சண்முகானந்தா சபை; அதன் அரங்கம் 1963இல் திறந்தது. இவை எல்லாவற்றுக்கும் சந்தா கட்டிய சம்பளம் பெரும்பாலும் ஆங்கிலக் கடிதம் எழுதிச் சம்பாதித்தது.

அலுவலகத்தில் அந்தக் கடிதம் பிறந்த விதத்தைப் பார்க்கவேண்டும். எல்லா முதலாளிகளும் வாக்கியம் வாக்கியமாக டிக்டேட் செய்யவில்லை. குஜராத்தி, மார்வாடி வணிகர்கள் பலர் சாரத்தை மட்டும் சொல்வார்கள்: அவன் பணம் இன்னும் வரவில்லை, கேட்டு எழுது. எப்படிக் கேட்பது என்பது ஸ்டெனோவின் பொறுப்பு. அதற்கு ஒரு படிவரிசை இருந்தது. முதல் கடிதத்தில் ‘வி பெக் டு ரிமைண்ட்’. இரண்டாவதில் ‘வி ஷால் பி ஒப்ளைஜ்ட்’. மூன்றாவதில் ‘வி ரிக்ரெட் டு நோட்’. கடைசியாக ‘வி ஷால் பி கன்ஸ்ட்ரெய்ன்ட் டு’. இந்த நான்காவதை எழுதினால் அடுத்து வக்கீல் நோட்டீஸ் என்று இரு தரப்புக்கும் தெரியும். அவசரப்பட்டு இரண்டாம் கடிதத்திலேயே அதை எழுதிவிட்டால் ஒரு வாடிக்கையாளர் போய்விடுவார். இந்த நுணுக்கத்தை அறிந்த ஸ்டெனோவுக்குக் குமாஸ்தாவைவிடக் கூடுதல் சம்பளம் கிடைத்தது நியாயம்தான்.

தேதிகளும் அப்படியே. ‘இன்ஸ்டன்ட்’ என்றால் நடப்பு மாதம், ‘அல்டிமோ’ போன மாதம், ‘ப்ராக்சிமோ’ வரும் மாதம். கப்பல் புறப்படும் தேதியிலோ ஹுண்டி முதிரும் தேதியிலோ இவை மாறினால் நஷ்டம் ரூபாயில் வரும். மேலும், ஒரு கடிதத்துக்கு மூலத்தோடு நான்கைந்து கார்பன் பிரதிகள். ஒரு சொல் தவறினால் ஒவ்வொரு தாளிலும் தனித்தனியாக அழிக்கவேண்டும். தொடர் தவறினால் எல்லாவற்றையும் கிழித்துப்போட்டு மறுபடி தொடக்கத்திலிருந்து. எனவே விசையைத் தொடுமுன்பே வாக்கியம் தலைக்குள் முடிந்திருக்கவேண்டும். திரையில் எழுதி எழுதித் திருத்தும் இன்றைய பழக்கத்துக்கு அந்த ஒழுக்கம் புரிவது கடினம்.

கடிதத்தின் முடிவில் ஒரு சுவையான விஷயம் இருக்கிறது. ‘தேங்கிங் யூ’ என்று எழுதி, கீழே ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி’ போடும் வழக்கம் இந்தியா முழுவதும் இன்றும் உண்டு. இலக்கணப்படி அந்த ‘தேங்கிங் யூ’ அந்தரத்தில் தொங்குகிறது. அது ஒரு வினையெச்சம், முடிக்கும் வினை இல்லை. பழைய ஸ்டெனோ அதை அந்தரத்தில் விடவில்லை. ‘தேங்கிங் யூ, ஐ ரிமெய்ன், யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி’ என்று ஒரே வாக்கியமாக, கையெழுத்துவரை நீளும்படி எழுதினார். பின்னால் வந்த அவசர யுகம் நடுவிலிருந்த ‘ஐ ரிமெய்ன்’ என்பதை மட்டும் உருவிவிட்டது. மிஞ்சியதைப் பார்த்துவிட்டுப் பழையவர்களுக்கு இலக்கணம் தெரியவில்லை என்று சொல்வது தவறு.

மத்திய அரசு அலுவலகங்களில் இந்த ஒழுங்கு இன்னும் இறுக்கம். அலுவல் நடைமுறைக் கையேடு கடித வகை ஒவ்வொன்றுக்கும் விதி வகுத்தது. அதிகாரபூர்வக் கடிதம் ‘சர்’ என்று தொடங்கி ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி’ என்று முடியும். டி.ஓ. (டெமி அஃபிஷியல்) கடிதம் பெயர் சொல்லி விளித்து ‘யுவர்ஸ் சின்சியர்லி’ என்று முடியும். அலுவலகக் குறிப்பாணைக்கு விளியும் கிடையாது, முடிப்பும் கிடையாது, முழுக்கப் படர்க்கை. அரசின் கருத்தைத் தெரிவிக்கும் கடிதத்தில் ‘ஐ ஆம் டைரக்டட் டு ரிஃபர் டு யுவர் லெட்டர்’ என்று தொடங்கினால், பிறகு ‘அண்ட் டு சே தட்’ என்றுதான் போகவேண்டும். இரண்டு ‘டு’வும் ஒரே ‘டைரக்டட்’டில் தொங்குகின்றன. அதே செய்தி குறிப்பாணையானால் ‘தி அண்டர்சைன்ட் இஸ் டைரக்டட்’. ‘ஐ’ ஒன்று நடுவில் நுழைந்தாலும் டிராஃப்ட் திரும்பி வரும். பேசுவது தனிமனிதரா, அரசா என்பதை அந்த ஒரு தொடர் வேறுபடுத்தியது. நிர்வாகத்தில் அது சின்ன விஷயம் இல்லை.

பம்பாய்க்கும் ‘சரியான ஆங்கிலம்’ என்ற விவகாரத்துக்கும் இன்னொரு பழைய உறவு உண்டு. பம்பாய் சிவில் சர்வீஸில் பணியாற்றிய ஜார்ஜ் கிளிஃபர்ட் விட்வர்த், இந்தியர் எழுதும் ஆங்கிலத்தில் மரபுவழுக்களைத் தொகுத்து ஆராய்ந்து 1907இல் ஒரு நூல் வெளியிட்டார். அதற்கு முன்பே 1891இல் லண்டனில் ஆர்னால்ட் ரைட், ‘பாபு ஆங்கிலம்’ என்று இந்தியப் பத்திரிகைகளின் விசித்திர வாக்கியங்களைத் திரட்டிப் புத்தகம் போட்டிருந்தார். ரைட்டின் நோக்கம் சிரிப்பது. விட்வர்த்தின் நோக்கம் திருத்துவது. அடுத்து வந்தவர்தான் இந்தியப் பள்ளிகளை ஆண்டார். பி.சி. ரென், 1903 முதல் 1917 வரை பம்பாய் மாகாணக் கல்வித் துறையில் இருந்தவர்; ‘போ ஜெஸ்ட்’ என்ற சாகச நாவலால் உலகப் புகழ் பெற்றவர். எச். மார்ட்டினோடு சேர்ந்து அவர் எழுதிய உயர்நிலைப் பள்ளி இலக்கண நூல் 1930களில் வந்தது. மாட்டுங்காவில் ‘ரென் அண்ட் மார்ட்டின்’ இல்லாத வீடு அபூர்வம். அப்பா அதை வைத்து டிராஃப்டைச் சரிபார்ப்பார். பிள்ளை அதே பிரதியில் வீட்டுப்பாடம் செய்வான்.

இதற்கிடையே இங்கிலாந்து வேறு திசையில் நடந்தது. ஃபவுலர் சகோதரர்கள் 1906இலேயே வீண் அலங்காரத்தைக் கண்டித்தார்கள். 1935இல் ஏ.பி. ஹெர்பர்ட் வணிகக் கடிதங்களின் அச்சுத் தொடர்களை வறுத்தெடுத்தார். 1948இல் எர்னஸ்ட் கோவர்ஸ், பிரிட்டிஷ் நிதித் துறை கேட்டுக்கொண்டதன்பேரில், அரசு ஊழியர் எளிமையாக எழுத வழிகாட்டும் சிறு நூலை எழுதினார். அவரே இளமையில் லண்டனின் இந்தியா ஆபீசில் வேலை பார்த்தவர். அங்கே ‘ஐ பெக் டு’ மெல்ல மறைந்தது. இங்கே மறையவில்லை. அதைக் கைவிடும்படி சொல்லும் பாடப்புத்தகம் கும்பகோணத்து டைப் இன்ஸ்டிட்யூட்டுக்கு வந்து சேரவில்லை. வந்திருந்தாலும் 120 சொல் வேகத்தில் எழுதும் கை அதை ஏற்றிருக்குமா என்பது சந்தேகம். ‘டூ த நீட்ஃபுல்’ என்பதும் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலேயர் தங்களுக்குள் தாராளமாகப் புழங்கிய தொடர்தான். இந்தியக் குமாஸ்தா அதைக் கண்டுபிடிக்கவில்லை, காப்பாற்றினார்.

பம்பாய்க் கவிஞர் நிஸிம் எசக்கியேல் 1970களில் இந்திய ஆங்கிலத்தை அப்படியே ஒலிக்கவிட்டுக் கவிதைகள் எழுதினார்; மிஸ் புஷ்பா டி.எஸ். என்ற பெயரை அவை பிரபலமாக்கின. அவற்றில் கேட்பது பிரிவுபசார விழாவில் எழுந்து நின்று பேசும் குரல். அதைப் படித்துவிட்டு அலுவலகக் கடிதமும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைப்பது பிசகு. பேச்சில் தடுமாறிய அதே மனிதர் தட்டச்சுக்கு முன் உட்கார்ந்தால் ஒரு கமாவையும் தவறவிடமாட்டார்.

இந்த ஆங்கிலமே ஒரு கட்டத்தில் அவர்களுக்கு ஆபத்தாகவும் ஆனது. 1960 ஆகஸ்டில் பால் தாக்கரே தொடங்கிய ‘மார்மிக்’ வார இதழ், கம்பெனிகளிலும் அலுவலகங்களிலும் இருந்த தென்னிந்தியப் பெயர்களைத் தொலைபேசிக் கையேடுகளிலிருந்து திரட்டிப் பட்டியலாக வெளியிட்டது. 1961 மக்கள்தொகைக் கணக்குப்படி மாநகரில் மராத்தி பேசுவோர் சுமார் 43 விழுக்காடு. வேலையில்லாத மராத்தி இளைஞரின் கோபத்துக்கு உண்மையான காரணங்கள் இருந்தன. அதைத் திருப்பிவிட்ட திசை கொடுமையானது. 1966 ஜூன் 19இல் அவருடைய சிவசேனை பிறந்தது. லுங்கியைக் கேலி செய்யும் கோஷம் தெருவில் எழுந்தது. உடுப்பி ஓட்டல்கள் தாக்கப்பட்டன. சிவசேனைக்கு முன்பே, 1964ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் மாநில அரசு அலுவலகங்களை மராத்திக்குத் திருப்பியிருந்தது. ஆங்கில டிராஃப்ட்டின் தேவை தனியார் கம்பெனிகளிலும் வங்கிகளிலும் மத்திய அரசு அலுவலகங்களிலுமாகச் சுருங்கியது.

அந்த மத்திய அரசு அலுவலகங்களில் பெரியவை செம்பூர்ப் பக்கம் எழுந்தன. டிராம்பேயில் அணுசக்தி நிலையத்தை நேரு 1957 ஜனவரியில் திறந்துவைத்தார். 1950களில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் 1960களில் உர ஆலையும் அதே வட்டாரத்துக்கு வந்தன. மாட்டுங்காவில் வாடகை ஏறியதும் இளைய குடும்பங்கள் செம்பூருக்குக் குடிபெயர்ந்தன; 1962இல் அங்கே ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டி, பிற்பாடு சேடா நகரில் முருகன் கோயில். இந்தத் தலைமுறையில் பெண்களும் ஸ்டெனோவானார்கள். விஞ்ஞானிகளின் ஆய்வறிக்கைகளைத் தட்டச்சு செய்ததில், ‘ஐ பெக் டு’ போன இடத்தில் செயப்பாட்டு வினை வந்து உட்கார்ந்தது.

தாராவியின் கதை வேறு. தோல் பதனிடவும் மில்லிலும் துறைமுகத்திலும் கூலி வேலைக்கும் நெல்லைச் சீமையிலிருந்து வந்தவர்களுக்கு ஆங்கிலத் தொடர் மனுவின் வடிவில்தான் எதிர்ப்பட்டது. எழுதத் தெரியாதவர் எழுதத் தெரிந்தவரைத் தேடிப் போகவேண்டும். 1913இல் கட்டி முடித்த பொதுத் தபால் நிலையத்தின் எதிரே, தார்ப்பாயின் கீழ் மேசை போட்டு உட்கார்ந்த கடிதம் எழுதுபவர்கள் மணியார்டர் படிவமும் ஊர்க் கடிதமும் அரசாங்க விண்ணப்பமும் எழுதித் தந்தார்கள். ஆங்கில மனுவுக்குத் தனி வாய்ப்பாடு உண்டு: ‘ஹம்ப்ளி ஷியூவெத்’ என்று தொடங்கி, ‘ஷல் எவர் ப்ரே’ என்று முடிப்பது. இங்கிலாந்து நீதிமன்றங்களின் பழைய நடை, கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் கப்பலேறி வந்து, குடிசைவாசியின் விண்ணப்பத்தில் தங்கிவிட்டது. 1976இல் மாநில அரசு குடிசைகளைக் கணக்கெடுத்துப் புகைப்பட அட்டை வழங்கியபோது, பெயர் விட்டுப்போனவர்களும் தவறாகப் பதிந்தவர்களும் மீண்டும் மனுக்களோடு அலையவேண்டியிருந்தது. மாட்டுங்காக்காரருக்குச் சம்பளம் தந்த தொடர், ரயில் தண்டவாளத்துக்கு மறுபுறம் இருந்தவருக்குக் கூலி கொடுத்து வாங்கவேண்டிய பொருளாக இருந்தது. இந்த ஏற்றத்தாழ்வைச் சொல்லாமல் மாட்டுங்காவின் பெருமையை மட்டும் சொல்வது பாதி வரலாறு. தாராவிப் பெற்றோர் அதை உணர்ந்திருந்தார்கள். காமராஜர் பெயரில் அங்கே எழுந்த பள்ளி ஆங்கிலவழிப் பள்ளி.

தட்டச்சுப் பொறியின் கதையிலும் பம்பாய்க்குப் பங்கு உண்டு. கோத்ரெஜ் நிறுவனம் 1955இல் தன் முதல் இயந்திரத்தைக் கொண்டுவந்தது; அதன் மாதிரி அவ்வாண்டு ஆவடிக் காங்கிரஸ் மாநாட்டில் வைக்கப்பட்டது. உலகின் பல நிறுவனங்கள் நிறுத்திய பிறகும் 2009 வரை ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கு மேல் செய்துகொண்டிருந்தது. அதற்குள் கணினி வந்து, அதிகாரிகள் தங்கள் கடிதத்தைத் தாங்களே அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். கம்பெனிகளில் ஸ்டெனோ என்ற பதவிப் பெயரே ‘செக்ரட்டரி’, ‘எக்ஸிக்யூட்டிவ் அசிஸ்டன்ட்’ என்று மாறிப்போனது.

தொழில் அடியோடு அழியவில்லை. தமிழ்நாட்டில் அரசுத் தட்டச்சு, சுருக்கெழுத்துத் தேர்வுகள் இன்றும் நடக்கின்றன. குரூப் 4 வேலைக்காகப் பிள்ளைகள் இன்ஸ்டிட்யூட் படியேறுகிறார்கள். மத்தியப் பணியாளர் தேர்வாணையம் ஸ்டெனோகிராபர் பணிக்கு இன்னும் பத்து நிமிட டிக்டேஷன் வைக்கிறது: ‘டி’ நிலைக்கு நிமிடத்துக்கு 80 சொல், ‘சி’ நிலைக்கு 100. நோட்டில் எழுதியதைக் கணினியில் அடித்துத் தரவேண்டும் என்பது மட்டுமே மாற்றம். மும்பை உயர் நீதிமன்றமும் சுருக்கெழுத்தாளர்களை எடுத்துவருகிறது. அங்கே நீதிபதி சொல்லும் தீர்ப்பில் வரும் ‘லேர்னெட் கவுன்சல்’, ‘ஆன் பிஹாஃப் ஆஃப் தி பெட்டிஷனர்’ போன்ற தொடர்களை எழுதுபவர், பிட்மன் வகுத்தபடி இன்றும் கை எடுக்காமல்தான் எழுதுகிறார்.